மானாவாரி நெல்லுக்கு ஒரு மூட்டை உப்பு

போன மாதம் விவசாய இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் புத்தூரில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தார்கள். இலாகா ஏதோ விழா மலர் போடுகிறதாம். பழைய ஆட்களிடம் அனுபவக் கட்டுரை கேட்டு வாங்குகிறார்களாம். "உங்க காலத்துச் சாதனைகளை எழுதிக் குடுங்க சார், நாலு பக்கம் போதும்" என்றார் ஒருவர். நாலு பக்கம் நிரம்புகிற அளவுக்குச் சாதனை எதுவும் எனக்கு நினைவில்லை என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

போகும்போது புதிதாக அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மானாவாரி நெல்லுக்கு, அதாவது ஆறும் வாய்க்காலும் இல்லாமல் வானத்தை மட்டும் நம்பி விதைக்கிற நெல்லுக்கு, தழைச்சத்து உரத்தை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், மழை பெய்து மண் ஈரமானபின் இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுங்கள் என்று அதில் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'புதிய சிபாரிசு' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், எனக்குப் புரையேறிவிட்டதென்று மனைவி தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தாள். சரி, சாதனை இல்லாவிட்டாலும் எழுத விஷயம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வருஷப் பயிற்சி. அதில் பாதி நாள் பூதக்கண்ணாடி வழியாகப் பூச்சியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், மீதி நாள் மேலதிகாரி வந்தால் எப்படி எழுந்து நிற்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். சர்வீஸ் முழுக்க எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது பாடம்தான். பயிற்சி முடிந்ததும் வையம்பட்டி பக்கத்துக் கிராமங்களுக்கு டிமான்ஸ்ட்ரேட்டர் என்று போட்டார்கள். விவசாயிக்கு உரத்தின் பலனைக் கண்ணால் காட்ட வேண்டியது என் பொறுப்பு. வேலை தற்காலிகம். நிரந்தரமாவது திருச்சி ஆபீசில் இருந்த ஆராவமுதன் சாரின் பேனாவில் இருந்தது.

ஆராவமுதன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர். விடியற்காலையில் பெருமாளைச் சேவிக்காமல் ஆபீசுக்குக் கிளம்பமாட்டார். லஞ்சத்தைக் கையால் தொடாதவர், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். அவருக்குத் தெரிந்த நெல் காவிரி வாய்க்கால் பாய்கிற அவருடைய சொந்த வயல் நெல். அங்கே தண்ணீர் வேண்டுமென்றால் மடையைத் திறப்பார்கள், வேண்டாமென்றால் அடைப்பார்கள். உலகத்தில் நெல் என்றால் அப்படித்தான் வளரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வையம்பட்டிக்கும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவார்.

ஜீப்பை விட்டு அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. ரோட்டோரமாக வண்டியை நிறுத்தச் சொல்வார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வார். பிறகு கண்ணைச் சுருக்கி வயலைப் பார்த்து, பச்சைக்கு மார்க் போடுவார். வெளிர்பச்சை, கிளிப்பச்சை, கரும்பச்சை என்று அவருக்கு வகை உண்டு. கரும்பச்சை கண்ணில் பட்டால், "பேஷ், பேஷ்" என்று டைரியில் எழுதிக்கொள்வார். கதிர் பிடிக்கிற காலத்தில் அவர் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது பயிர் மஞ்சளாகிவிடும், மார்க் போட முடியாது.

அமோனியம் சல்பேட் என்ற உரத்தை அப்போது ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தோம். பார்க்கப் பொடி உப்பு மாதிரி இருக்கும். கிராமத்தில் உப்பு உரம் என்றே சொன்னார்கள். காட்டுகிற முறை இதுதான்: ஒரே வயலை வரப்புப் போட்டு இரண்டாக்க வேண்டும். ஒரு பாதிக்கு உரம் உண்டு, மறுபாதிக்குக் கிடையாது. அறுவடையில் இரண்டையும் எடை போட்டு வித்தியாசத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். அந்தப் படிவம் ஆற்றுப்பாசன வயலுக்காக அச்சடித்தது. நான்காவது கட்டத்தில் 'நடவுத் தேதி' என்று இருக்கும். மானாவாரியில் நடவே கிடையாது. காய்ந்த புழுதியில் விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். முதல் முறை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். படிவம் திரும்பி வந்தது.

"என்ன ஓய் சதாசிவம், நடவுத் தேதியைக் காணோமே?" என்றார் ஆராவமுதன் சார்.

"அங்கே நடவு இல்லைங்க சார். விதைப்புதான்."

"நடவு இல்லாம நெல் உண்டோ? கட்டம் இருக்கு பாரும். கட்டம் இருந்தா தேதி இருக்கணும்."

அன்றிலிருந்து வையம்பட்டி வட்டாரத்தில் நடாத நெல்லுக்கெல்லாம் நான் நல்ல நாள் பார்த்து நடவுத் தேதி போட்டுவந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷம் ரோட்டோரம் இருந்த வயல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ரோட்டோரம் என்பதுதான் அதன் தகுதி, ஜீப்பிலிருந்து தெரியும். வயல் அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணன் கருப்பண்ணன், தம்பி தங்கராசு. பாகம் பிரிக்கவில்லை, ஒரே அடுப்பு. ஆனாலும் ரோட்டுப் பக்கத்துப் பாதி அண்ணனுடையது, உள்பாதி தம்பியுடையது என்று பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. நான் வரப்புப் போட்ட இடமும் அந்தப் பிரிவும் சரியாக ஒன்றாக அமைந்துவிட்டன. உரம் ரோட்டுப் பாதிக்கு மட்டும் என்று சொல்லி மூட்டையை இறக்கினேன்.

கருப்பண்ணன் தலையைச் சொறிந்தார். "தம்பி பக்கத்துக்குக் கெடையாதுங்களாய்யா?"

"கிடையாது. அப்பத்தானே வித்தியாசம் தெரியும்?"

"வித்தியாசம் தெரியக் கூடாதுன்னுதாங்கய்யா இத்தனை வருசமா ஒண்ணா இருக்கோம்" என்றார்.

நான் அவருக்கு விஞ்ஞானத்தை விளக்கினேன். படித்தவன் விளக்கினால் அந்தக் காலத்தில் எதிர்த்துப் பேசமாட்டார்கள், தலையை ஆட்டுவார்கள். அவர் மனைவி பழனியாயி மட்டும் ஆட்டவில்லை. அந்த அம்மாள் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதை எப்பப் போடணும்?" என்று கேட்டாள்.

"விதைக்கிறதுக்கு முந்தி, கடைசி உழவுல. மூட்டை முழுக்க ஒரே தடவையா."

"மண்ணு காஞ்சு கெடக்குதே. தண்ணி இல்லாத சட்டியில உப்பைக் கொட்டுவாங்களா?"

இதற்குப் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை. எனக்கு பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. மறுநாள் உரம் போடுவதாகக் கருப்பண்ணன் வாக்குக் கொடுத்தார். நான் பஸ் ஏறி உட்கார்ந்து, படிவத்தில் 'உரம் என் முன்னிலையில் இடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ் குலுங்கியதில் கையெழுத்துக் கொஞ்சம் கோணலாகிவிட்டது, மற்றபடி படிவம் சுத்தமாக இருந்தது.

மழை பெய்தது. பயிர் வந்தது. ஆராவமுதன் சாரும் வந்தார். வழக்கம்போலப் பொடி போட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். இரண்டு பாதியும் ஒரே பச்சையாக நின்றன. உயரத்திலும் வித்தியாசம் இல்லை. நடுவில் என் வரப்பு மட்டும் மொட்டையாக இருந்தது.

"எது ஓய் உரம் போட்டது?"

"ரோட்டுப் பக்கம் சார்."

அவர் இன்னொரு தரம் பார்த்தார். "தெரியறது, தெரியறது. இது ஒரு மாத்து தூக்கல். கரும்பச்சைன்னா இதுன்னா கரும்பச்சை!" என்றார். டைரியில் எழுதினார். எது உரம் போட்டது என்று தெரிந்தபின் வித்தியாசம் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. எனக்கே ஒரு நிமிஷம் தெரிந்தது.

அறுவடை அன்று தராசுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இரண்டு பாதியும் ஒரே எடை காட்டின. அதே சமயம், அக்கம்பக்கத்தில் யார் வயலிலும் அவ்வளவு நெல் இல்லை. நான் தராசைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கருப்பண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அய்யா, மன்னிச்சுடுங்க. தப்புப் பண்ணிட்டோம்."

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. பழனியாயி மூட்டையைப் போடவிடவில்லை. முதலில் நல்ல மழை பெய்து, களை எடுத்து முடிந்தபின், மூட்டையில் பாதியை எடுத்து இரண்டு பங்காக்கி இரு பக்கமும் தூவியிருக்கிறாள். மீதியை அடுப்படியில் புளிப்பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்து, பயிர் சூல் பிடிக்கும் நேரத்தில் இன்னொரு மழை வந்ததும் அதையும் அதே மாதிரி சமமாகத் தூவியிருக்கிறாள். "வீட்டுக்கு வர்றது எதுவா இருந்தாலும் ரெண்டா பிரிக்கிறது எங்க வழக்கமுங்க. அவ கேக்கலை" என்றார் கருப்பண்ணன். தங்கராசு பின்னால் தலையைக் குனிந்து நின்றான், உரத்தைத் திருடித் தின்றவன் போல.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம் வரவில்லை. ஒரு மூட்டை உரம் இரண்டு பங்கு நிலத்தில் விளைந்து காட்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய சாதனை என் சர்வீஸில் வேறெதுவும் நடக்கவில்லை. எனக்கோ 'வித்தியாசம்' என்ற கட்டத்தில் சைபர் போட வேண்டியிருக்கிறதே என்ற கவலை.

திருச்சி ஆபீசில் நடந்ததை அப்படியே சொன்னேன். ஆராவமுதன் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏன் ஓய், ஒரு பொம்மனாட்டி சட்டியில உப்புப் போட்ட கதையை நான் மெட்ராஸுக்கு எழுதறதா?"

"விளைஞ்சிருக்கு சார். அக்கம்பக்கத்து வயலைவிட நிறைய."

"அப்படிச் சொல்லும்! பக்கத்து வயல் உரம் போடாதது. இது போட்டது. வித்தியாசம் இருக்கோன்னோ? அதை எழுதும். பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை."

"எப்பப் போட்டதுங்கிற கட்டம் சார்..."

"சர்க்குலர்ல என்ன இருக்கு?"

"கடைசி உழவுல, ஒரே தவணையில."

"பின்னே அதைத்தானே எழுதணும்?" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். "உம்மோட நிரந்தர உத்தரவும் மேஜையில இருக்கு. ரெண்டையும் சேர்த்து அனுப்பிடறேன். பெருமாள் கிருபை."

எழுதினேன். என் வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

அந்தப் படிவம் மெட்ராஸ் போய், அங்கிருந்து உத்தரவாகத் திரும்பி வந்தது. மானாவாரி நெல்லுக்கும் காவிரிப் பாசன நெல்லுக்கு உள்ளது போலவே, கடைசி உழவில் முழு மூட்டை. ஆதாரம், வையம்பட்டி பக்கத்து ஒரு வயல். அடுத்த வருஷம் வாங்க முடிந்தவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். கருப்பண்ணன் முதல் ஆளாக வந்து ஆளுக்கொன்றாக இரண்டு மூட்டை எடுத்துக்கொண்டார். "போன வருசம் உங்க பேச்சை மீறிட்டோம். இந்தத் தடவை நீங்க சொன்னபடிதான்யா" என்றார். 'போன வருஷம் மாதிரியே போடுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். என் பையில் புது உத்தரவின் நகல் இருந்தது, அதன் அடியில் என் பெயரும் இருந்தது. பழனியாயி வீட்டில் சண்டை போட்டாளாம். "படிச்சவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்று கருப்பண்ணன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளை அதட்டினாராம்.

முதல் மழை அருமையாகப் பெய்தது. பயிர் வளர்ந்த வளர்ச்சியைச் சொல்லி முடியாது. இலை அகலம் என்ன, செழிப்பு என்ன! ஆராவமுதன் சார் வெளியூர் அதிகாரிகளைக் கூட்டிவந்து போட்டோ எடுத்தார். அவருடைய டைரியில் அந்த வருஷம் கரும்பச்சைக்கு மேலே புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மழை நின்றது. நாலு வாரம் ஒரு சொட்டு இல்லை.

தழைச்சத்து தழையை வளர்க்கும், தண்ணீரைக் கொண்டுவராது. வளர்ந்த தழை முழுக்கத் தண்ணீர் குடிக்கிற வாய். மண்ணில் இருந்த ஈரத்தை அந்தச் செழிப்பான பயிர் இரண்டே வாரத்தில் உறிஞ்சித் தீர்த்துவிட்டது. முதலில் இலை சுருண்டது. பிறகு நுனி கருகியது. கதிர் வந்தது, உள்ளே மணி இல்லை, பதர். உரம் வாங்க வழியில்லாமல் சும்மா விட்டிருந்தவர்களின் குட்டைப் பயிர், இருந்த ஈரத்தைச் சிக்கனமாகக் குடித்து எப்படியோ தாக்குப்பிடித்துக் கொஞ்சம் நெல்லைக் கொடுத்தது. நான் சொன்னதைக் கேட்டவன் வயலையும் கேட்காதவன் வயலையும் ஜீப்பிலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம். அந்த வருஷம்தான் என் டிமான்ஸ்ட்ரேஷன் உண்மையில் பார்க்கும்படி இருந்தது. பார்க்க ஜீப் வரவில்லை.

கருப்பண்ணன் வீட்டில் அடுத்த விளைச்சல் வரை சாப்பிட நெல் இல்லை. தங்கராசு திருவெறும்பூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலைக்குக் கல் சுமக்கப் போய்விட்டான். மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனான். அண்ணன் தம்பி அடுப்பு இரண்டானது.

இழப்பு அறிக்கைக்கு இன்னொரு படிவம் உண்டு. காரணத்துக்கு மூன்றே கட்டங்கள்: மழை பொய்த்தது, பூச்சி தாக்கியது, விவசாயி அறிவுரையைப் பின்பற்றவில்லை. நான் எதிலும் குறி போடாமல், முழு மூட்டையை முதலிலேயே போட்டது தப்பு என்று ஓரத்தில் எழுதிக் கொண்டுபோனேன். போன வருஷத்து அறிக்கையையும் திருத்த வேண்டும் என்றேன். அந்தத் தைரியம் வர எனக்குப் பத்து நாள் ஆகியிருந்தது.

ஆராவமுதன் சார் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்பாக உட்காரச் சொன்னார்.

"யோசிச்சுப் பாரும். மழை பொய்ச்சுதுன்னா பக்கத்து வயலும் பொய்க்கணுமே, அங்கே நெல் வந்திருக்கே. பூச்சி இருந்துதோ?"

"இல்லை சார்."

"அப்போ மிச்சம் எத்தனை கட்டம் இருக்கு?"

"ஒண்ணு சார்."

"நான் எதையும் இட்டுக்கட்டலை. நீரே சொல்லிட்டீர்" என்று மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்துக்கு நகர்த்தினார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. போன வருஷம் சொன்னபடி செய்யாதவர்கள், செய்தார்கள் என்று கையெழுத்துப் போட்டவன் நான். இந்த வருஷம் சொன்னபடி செய்தவர்கள், செய்யவில்லை என்றும் போட்டேன். எனக்கு இரண்டு குழந்தைகள், வேலை நிரந்தரம் என்றெல்லாம் அன்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று அவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வையம்பட்டி பஸ் ஏறினேன். யாரும் போகச் சொல்லவில்லை. பழனியாயி வாசலில் பதரைப் புடைத்துக்கொண்டிருந்தாள், மாட்டுக்காவது ஆகட்டும் என்று. நான் செய்ததைச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உள்ளே அவரு மூணு நாளா சரியாச் சாப்பிடாம கெடக்கறாரு. தன் கைராசிதான் பயிரைச் சுட்டுது, தன்னாலதான் தம்பி போனான்னு பொலம்பறாரு. அவருகிட்டச் சொல்லுங்க."

உள்ளே போனேன். கருப்பண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். அவரை உட்காரவைத்து, எதிரே தரையில் நானும் உட்கார்ந்தேன். "தப்பு உங்க மேல இல்லை. நான் சொன்ன முறை தப்பு. போன வருஷமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை" என்றேன். சர்வீஸில் அதுவரை இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு இவ்வளவு பெரிய வார்த்தை சொல்றீங்களே அய்யா. நீங்க படிச்சவங்க, நீங்க தப்பாச் சொல்வீங்களா? நாங்கதான் எங்கேயோ பெசகிட்டோம். வர்ற வருசம் இன்னும் கவனமா, நீங்க சொன்னபடியே போடறேன்."

இரண்டு வருஷம் நான் எழுதிய பொய்யை மெட்ராஸ் வரை நம்பினார்கள். உண்மையைச் சொன்ன அன்று எதிரே உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனிதர் நம்பவில்லை. அவரிடம் இன்னும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வெளியே வந்தேன்.

"நம்பலை இல்ல?" என்றாள் பழனியாயி.

"இல்லம்மா."

"எனக்குத் தெரியும். உப்பு மூட்டை இனிமே என் கையிலதான் இருக்கும், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஊர்ல மத்தவங்களுக்கு யாரு சொல்றது?"

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவளிடம், முதல் மழைக்கு எத்தனாம் நாள் போட்டாள், எத்தனை படி, மண்ணில் ஈரம் எவ்வளவு ஆழம் இருந்தது, இரண்டாம் தடவை பயிர் எந்த நிலையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேன். ஆனா நான் சொன்னபடியே எழுதணும்" என்றாள்.

எழுதினேன். எழுதியதை அவள் மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னாள்.